எழுந்து நடந்தால் வசனம் மறக்கிறதா?

வீட்டில் தடங்கலில்லாமல் வரும் வசனம் நாடக ஒத்திகையில் எழுந்து நடந்ததும் மறந்துபோகிறது என்கிறீர்கள். கவலைப்படாதீர்கள், உங்கள் நினைவாற்றலில் கோளாறு இல்லை. உட்கார்ந்தே மனப்பாடம் செய்திருப்பீர்கள். காய் நறுக்கிக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள். தடுக்குகிற வரிதான் இன்னும் ஊறாத வரி.

எதிரில் நடிப்பவரின் கடைசிச் சொல்லையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு காட்சியில் எனக்கு 'கதவைச் சாத்து' என்பதுதான் பிடி. அது காதில் விழுந்தால் கால் தானாக நகரும், வசனமும் கூடவே வரும்.

அப்புறம், உங்களுடையது சின்ன நாடகக் குழுதானே? ஒத்திகைக்கு முன் 10 நிமிடம், நடிப்பில்லாமல் வசனத்தை மட்டும் படுவேகமாக ஓட்டலாமா என்று இயக்குநரிடம் கேளுங்கள். நடுவில் மறந்தால் மன்னிப்புக் கேட்டுக் காட்சியை உடைக்காதீர்கள். நின்ற இடத்திலேயே நின்று 'வரி' என்று சொல்லுங்கள், பிரதி வைத்திருப்பவர் எடுத்துக்கொடுப்பார்.