கம்பியில் பறக்கும் கேமராவிலேயே முழுக் காற்பந்து ஆட்டத்தையும் காட்டினால் என்ன?

காட்டலாம், பார்ப்பவருக்குத்தான் திண்டாட்டம்.

திடலின் நான்கு மூலைகளிலிருந்தும் வரும் கம்பிகளைக் கணினி இழுத்தும் தளர்த்தியும் கேமராவை நகர்த்துகிறது. இதை உருவாக்கியவர் நடந்துகொண்டே குலுங்காமல் படமெடுக்க உதவும் ஸ்டெடிகேமைத் தந்த அதே காரெட் பிரவுன். 1984லேயே அமெரிக்கக் காற்பந்து ஒளிபரப்பில் இது வந்துவிட்டது.

சிக்கல், ஆழம் தெரியாததுதான். ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது, முன்னே நிற்பவருக்கும் அவருக்கும் நடுவே உள்ள தூரம் சுருங்கிவிடும். ஒருநாள் விடிகாலை மூன்று மணி, சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு காப்பிக்கடை. கோல் விழுந்ததும் மேல் கேமராவில் மறுபடி காட்டினார்கள். "ஆஃப்சைடுண்ணே, கண்ணு தெரியலையா?" என்று பக்கத்து மேசைத் தம்பி குதித்தார்; தாக்குபவர் தற்காப்பு வரிசையைத் தாண்டி நின்றாராம். அடுத்து பக்கவாட்டுக் கேமரா. தாக்குபவர் முழுசாக ஓரடி பின்னால்! தம்பி சத்தமில்லாமல் தே தாரிக்கைக் கலக்க ஆரம்பித்துவிட்டார். பக்கவாட்டுக் கோணம் அலுப்பானதுதான், ஆனால் தற்காப்பு வரிசையும் காலி இடமும் அதில்தான் ஒழுங்காகத் தெரியும்.

ஆபத்தும் உண்டு. 2011 டிசம்பரில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டமொன்றில் கேமரா அறுந்து விழுந்து, ஓர் ஆட்டக்காரர் மயிரிழையில் தப்பினார். நம் காற்பந்தில், உயரே போன பந்து கம்பியில் பட்டால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, பந்தைக் கீழே போட்டுத் தொடங்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு: 2017 அக்டோபரில் பாஸ்டன் அருகே மூடுபனி திடலை மறைத்தபோது, தாழப் பறந்த இந்தக் கேமராதான் ஒளிபரப்பைக் காப்பாற்றியது. நம் காலாங் திடலில் மூடுபனி ஏது, வந்தால் புகைமூட்டம்தான்.