ஏணிக் கொழுப்பு

கேள்வி: கடலில் நைட்ரஜனை வாயுவாக மாற்றும் பாக்டீரியா இருப்பதைக் கொழுப்பை வைத்தே கண்டுபிடிக்கலாமாமே, எப்படி?

பதில்: அனமாக்ஸ் பாக்டீரியாவைத்தானே கேட்கிறீர்கள்? ஆக்சிஜன் இல்லாத நீரில் அம்மோனியத்தையும் நைட்ரைட்டையும் சேர்த்து நைட்ரஜன் வாயுவாக்குவது இதன் வேலை. இதன் சவ்வில் லாடரேன் என்ற கொழுப்பு உண்டு. நான்கு கார்பன் கொண்ட சதுர வளையங்கள் ஏணிப்படி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், அப்படியொரு அமைப்பு வேறு எந்த உயிரிலும் இதுவரை தெரியாததால் அதுவே நல்ல கைரேகை! 2003-இல் கருங்கடலில் இந்த அனமாக்ஸ் வினை நடப்பதைக் காட்ட இதுவும் ஒரு சாட்சி. ஆனால் ஒன்று, பாக்டீரியா செத்த பிறகும் இந்தக் கொழுப்பு மூலக்கூறின் வளையமுள்ள உட்பகுதி கடலடி வண்டலில் தங்கிவிடும், அதனால் உயிரோடிருப்பதை அறிய, அதே மூலக்கூறின் சீக்கிரம் சிதைகிற தலைப்பகுதியும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம், வெப்பம் பட்டால் வளையமே உடைந்துவிடும். அதனால் ஆழத்தில் புதைந்து சூடேறிய மிகப் பழைய பாறைகளில் தேடிப் பயனில்லை.