திரையில் மறைந்தது, தரவுத்தளத்தில் மறையவில்லை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பறிப்புக் கூலிப் பதிவுக்காக நானே சி-ஷார்ப்பில் ஒரு சிறு நிரல் எழுதியிருக்கிறேன். தரவுத்தளம் மைக்ரோசாப்டின் அஷூர் கிளவுடில் இருக்கிறது. தவறாக இருமுறை ஏறிவிட்ட எடைப் பதிவுகளை ரிமூவ் கொடுத்து நீக்கிவிட்டு, நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே பதிவுகளைக் கொண்டுசெல்லும் அடாப்டரின் அப்டேட்டை அழைக்கிறேன். பிழைச் செய்தி ஏதும் வருவதில்லை. ஆனால் நிரலை மூடித் திறந்தால் அத்தனை பதிவுகளும் திரும்ப வந்து நிற்கின்றன. எங்கே தவறு?

வாசகர், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அடாப்டர் பழுதில்லாமல்தான் வேலை செய்கிறது. எவற்றை அழிக்க வேண்டும் என்பதுதான் அதற்குத் தெரிவிக்கப்படவில்லை. நீங்கள் திரையில் பார்க்கும் டேட்டாடேபிள், கிளவுடிலிருந்து எடுத்துவந்த நகல். அதன் ஒவ்வொரு வரிசைக்கும் ரோஸ்டேட் என்றொரு நிலைக்குறிப்பு உண்டு. அப்டேட்டை அழைத்ததும் அடாப்டர் அந்தக் குறிப்பைப் பார்த்து, நீக்கப்பட்டவை என்று குறிக்கப்பட்ட வரிசைகளுக்கு மட்டுமே டெலிட்கமாண்டை, அதாவது அழிக்கும் கட்டளையை, கிளவுடுக்கு அனுப்பும்.

தோட்டத்துச் செக்ரோலில் (கூலிப் பதிவேட்டில்) ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்தால், சேலத்து அலுவலகத்தில் இருப்பவர் அதைப் பார்த்துத் தம் பேரேட்டிலும் அடிப்பார். தாளையே கிழித்து எறிந்துவிட்டால் அவர் எதைப் பார்த்து அடிப்பார்? டெலிட் சிவப்பு மையால் அடிப்பது; ரிமூவ் தாளைக் கிழிப்பது. அது டெலிட்டையும், மாற்றங்களை முடிந்தவையாக ஏற்று அவற்றின் குறிகளைத் துடைக்கும் அக்செப்ட்சேஞ்சஸையும் ஒன்றாகச் செய்துவிடுவதால், வரிசையோடு அதன் குறிப்பும் போய்விடுகிறது. ஆகவே ரிமூவை எடுத்துவிட்டு, அந்த வரிசையின் மீதே டெலிட்டை அழையுங்கள். அப்டேட்டுக்கு முன்னால் அக்செப்ட்சேஞ்சஸை எங்கும் அழைக்காதீர்கள். டெலிட்கமாண்டை எஸ்கியூஎல்கமாண்ட்பில்டர் என்ற துணைக்கருவி தானே எழுதித் தரும், பதிவுகளை எடுத்துவரும் உங்கள் செலக்ட் கட்டளையில் முதன்மைச் சாவிப் பத்தி (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் பத்தி) இருந்தால்.

இதைத் திருத்தியவுடன் இன்னொரு சிக்கலைச் சந்திப்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பில்டர் எழுதும் கட்டளை சாவியை மட்டும் பார்ப்பதில்லை. நீங்கள் எடுத்துவந்தபோது இருந்த மற்ற மதிப்புகளையும் ஒப்பிடும். இடையில் வேறொருவர் எடையை 42 கிலோவிலிருந்து 40 ஆகத் திருத்தியிருந்தால், எந்த வரிசையும் பொருந்தாமல் டிபிகன்கரன்சி எக்செப்ஷன் என்ற பிழை எழும். பலர் எரிச்சலில் இந்த ஒப்பீட்டையே அணைத்துவிடுகிறார்கள். கூலிக் கணக்கில் நான் அதைச் செய்யமாட்டேன். யாரோ திருத்திய எடையை அவருக்குத் தெரியாமல் அழிப்பதைவிட, பிழைச் செய்தியைக் கண்டு மறுபடி எடுத்துப் பார்ப்பது நல்லது.

மலையில் இணைப்பு அறுந்துபோவது உங்களுக்குப் புதிதல்ல. அப்டேட் இயல்பாக ஒவ்வொரு வரிசையாக அனுப்பி, நிறைவேறியதை உடனே நகலிலிருந்தும் எடுத்துவிடும். 30 வரிசைகளில் 12 போனபின் இணைப்பு அறுந்தால், மீதி 18 குறியோடு காத்திருக்கும். மீண்டும் அப்டேட் செய்தால் போதும். ஆனால் எல்லாவற்றையும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் (முழுதும் நிறைவேறும், இல்லையேல் எதுவுமே நிறைவேறாது என்ற கட்டுக்குள்) வைத்திருந்தால் கதை வேறு: கிளவுடில் அந்த 12 வரிசைகளும் திரும்பிவிடும், உங்கள் நகலிலோ அவை போய்விட்டிருக்கும். அதைத் தவிர்க்க அடாப்டரின் அக்செப்ட்சேஞ்சஸ்டியூரிங்அப்டேட் என்ற அமைப்பைப் பொய் (false) என்று வைத்து, டிரான்சாக்ஷன் கமிட் ஆனபிறகே, அதாவது கிளவுடில் உறுதியானபிறகே, அக்செப்ட்சேஞ்சஸை அழையுங்கள். கமிட்டுக்கான பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்தால் மட்டும், மறுமுயற்சியில் மேற்சொன்ன எக்செப்ஷன் எழலாம். அப்போது பதிவு முன்பே அழிந்ததா, யாராவது திருத்தினார்களா என்று அதன் சாவியைத் தேடிப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

முதலில் ஒரே ஓர் இரட்டைப் பதிவில் சோதித்துப் பாருங்கள். அஷூரில் முந்தைய நேரத்துக்குத் தரவுத்தளத்தை மீட்கும் வசதி இயல்பாகவே 7 நாள்களுக்கு உண்டு. ஆனால் அது பழையதன் மேல் எழுதாமல் புதிய தரவுத்தளமாகத்தான் வரும். தேவைப்பட்டால் அதிலிருந்து அந்த ஒரு வரிசையை மட்டும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.