கடைக்காரருக்கு 24, வங்கிக்கு 25

கேள்வி: பண்டிகைப் பரிசுகளைப் பெரிய கடைகளில் வாங்குவதில்லை என்று நான்கு வருடமாக ஒரு வைராக்கியம். சின்னதாகச் சொந்தத் தொழில் செய்பவர்களிடம் மட்டுமே வாங்குகிறேன். முப்பது பேருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. போன பண்டிகைக்கு ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு என் நாத்தனாருக்குப் போனது. சோப்பு, மெழுகுவத்தி செய்து பரிசுப் பெட்டியாக விற்கிறாள். "அண்ணி, இந்த வருஷமும் இருபது பெட்டி உங்க பேர்ல எழுதிட்டேன்" என்று அவள் சொல்லும்போது என் வீட்டுக்காரர் முன்னால் மறுக்க முடியவில்லை. போன முறை எடுத்ததில் ஆறு பெட்டி இன்னும் பீரோவில் கிடக்கிறது. எல்லாம் கிரெடிட் கார்டில் வாங்கியவை. ஒன்பது மாதமாகக் கட்டியும் முடியவில்லை, அடுத்த பண்டிகைக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. தனிநபர் கடன் எடுத்துக் கார்டை அடைத்துவிட்டுப் புதிதாக வாங்கட்டுமா? 'இப்போது வாங்கு, பிறகு கொடு' செயலிகள் பரவாயில்லையா? அல்லது வட்டியில்லாத் தவணையா? பேசாமல் பரிசு அட்டையாகக் கொடுத்துவிடலாமா என்றும் தோன்றுகிறது.

பதில்: முதலில் கேட்ட மூன்றும் வேண்டாம். பரிசு அட்டைக்குக் கடைசியில் வருகிறேன்.

கார்டு வட்டி கொடியது என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்ஜெட் பாடமும் நடத்தப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஒன்றுதான்: சிறு வியாபாரிகளை ஆதரிக்கிறோம் என்ற நினைப்பில், இல்லாத பணத்தைக் கொண்டு ஆதரிக்கிறீர்கள்.

உங்கள் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். பரிசுச் செலவு 120. மாதம் 12 கட்டுவதாகவும், கார்டு வட்டி மாதத்துக்கு 3 விழுக்காடு என்றும் வைத்தால், முதல் மாதம் கட்டும் 12-இல் 3.60 வட்டிக்கே போகிறது. கடன் முழுக்கத் தீர 12 மாதம் ஆகும். அதாவது போன பண்டிகையின் கடைசித் தவணையும் இந்தப் பண்டிகையும் ஒரே வாசலில் வந்து நிற்கும். இன்றைக்கு உங்கள் பாக்கி 35 பக்கம் இருக்க வேண்டும். உங்கள் அறிக்கையைப் பாருங்கள், பெரிதாகத் தப்பியிருக்காது.

ஆக மொத்தம் நீங்கள் கட்டுவது 145. வட்டி மட்டும் 25. சரி, இப்போது எதிர்ப்பக்கக் கணக்கு. கைவேலை செய்து விற்பவருக்கு மூலப்பொருள், கூலி, பெட்டி, அனுப்பும் செலவு எல்லாம் போக 20 விழுக்காடு லாபம் நிற்கிறது என்றே தாராளமாக வைப்போம். பலருக்கு அவ்வளவு நிற்பதில்லை. 120-க்கு 24. நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேடி வாங்கிய அத்தனை கடைக்காரர்களும் சேர்ந்து சம்பாதித்தது 24, ஒரு துரும்பைக் கூடச் செய்து தராத வங்கி சம்பாதித்தது 25. கார்டைத் தேய்த்ததற்காகக் கடைக்காரரிடம் பிடித்த கட்டணம் தனி.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் 'சிறு வணிகச் சனிக்கிழமை' என்று ஒரு நாள் உண்டு. பண்டிகைக் காலத் தொடக்கத்தில் எல்லோரும் சின்னக் கடைகளில் வாங்க வேண்டும் என்று 2010-இல் அதை ஆரம்பித்து வைத்தது யார் தெரியுமா? அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், ஒரு கார்டு நிறுவனம். அந்த நாளால் கடைக்காரர்களுக்கு நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் இன்னொரு கல்லா இருக்கிறது என்பது நினைவில் இருக்கட்டும்.

'இப்போது வாங்கு, பிறகு கொடு' செயலிகளுக்கும் இதே கதைதான். உங்களிடம் வட்டி வாங்காவிட்டால் அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் விற்பவரிடமிருந்து. பல இடங்களில் அது சாதாரண கார்டுக் கட்டணத்தைவிட அதிகம். ஐந்தாறு விழுக்காடு பிடிப்பவையும் உண்டு. 20 விழுக்காடு லாபத்தில் நிற்பவரிடம் அவ்வளவு பிடித்தால் கால்வாசி போயிற்று. வட்டியில்லாத் தவணை என்பதிலும் வட்டி இருக்கிறது; யாராவது ஒருவர் அதை முன்கூட்டியே விலையில் விழுங்கியிருப்பார், அவ்வளவுதான். தனிநபர் கடன் எடுத்துக் கார்டை அடைப்பது தனியாகப் பார்த்தால் கெட்ட யோசனை இல்லை, வட்டி குறையும். ஆனால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், 'அடைத்துவிட்டுப் புதிதாக வாங்கட்டுமா' என்று. அப்புறம் இரண்டு கடன் ஆகிவிடும்.

இப்போது நாத்தனார் விஷயம். அதே கணக்கில் பெட்டி ஒன்று 2.50 என்று வைத்தால் இருபதுக்கு 50. ஆறு பெட்டி பீரோவில் தூங்குகிறது. அந்த 15-க்கும் மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் நஷ்டம் ஒருபக்கம் இருக்கட்டும், அவருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அவர் நோட்டில் அந்த இருபதும் விற்பனை. அதை நம்பி அடுத்த முறை மெழுகும் எண்ணெயும் கூடுதலாக வாங்குவார். வெளியாட்கள் எத்தனை பேர் வாங்கினார்கள், எந்த வாசனை நகரவில்லை, விலை சரியா என்பது எதுவும் அவருக்குத் தெரியவராது, ஏனென்றால் தேங்கிய சரக்கை அண்ணி எடுத்துக்கொள்கிறார். உங்கள் கடன் அவர் கணக்கில் வாடிக்கையாளராக வேஷம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒருநாள் நீங்கள் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அன்றைக்கு அவர் கையில் இன்னும் பெரிய சரக்கு இருக்கும்.

அதனால் இந்த மாதமே சொல்லிவிடுங்கள். பண்டிகைக்கு முந்தைய வாரம் சொன்னால் அது துரோகம் மாதிரி இருக்கும், மூன்று மாதம் முன்னால் சொன்னால் தகவல். உங்கள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள்; கார்டு அறிக்கையை அவரிடம் காட்டிய பிறகு. அவர் இன்னும் அதைப் பார்க்கவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பணத்துக்கு வழி: கார்டுக்குக் கட்டும் 12-ஐத் தொடருங்கள், மூன்று மாதத்தில் தீரும். அதுவரை கார்டில் எதையும் வாங்காதீர்கள். பழைய பாக்கி நிற்கும்போது பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லாக் காலம் கிடையாது, புதிதாக வாங்குவதற்கு அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். தவணை போக மாதம் 8 ஒதுக்க முடிந்தால் மூன்று மாதத்தில் 24. இந்த ஆண்டுப் பரிசுப் பணம் அவ்வளவுதான். முப்பது பேர் பட்டியல் தாங்காது, பெயர்களை அடிக்கத்தான் வேண்டும்.

முதல் மாதத்து 8-இல் நாத்தனாரிடம் மூன்று பெட்டிக்கு இப்போதே ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். மூன்றுதானா என்று முகம் சுளிக்கலாம். ஆனால் பண்டிகை வியாபாரத்தில் சரக்கு வாங்கும் பணம் மாதங்களுக்கு முன்பே வெளியே போகிறது, விற்ற பணம் கடைசி வாரத்தில்தான் திரும்புகிறது. அந்த இடைவெளியில்தான் சிறு தொழில் செய்பவர்கள் கைமாற்று வாங்கித் திணறுகிறார்கள். முன்பணமாக வரும் 7.50, கடைசி நேரத்தில் கார்டில் வரும் பெரிய ஆர்டரைவிட அவருக்குப் பெரிய உபகாரம். மற்ற வியாபாரிகளிடமும் அப்படியே: சீக்கிரம் சொல்லுங்கள், நேரடியாக வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். கைவினைப் பொருள் விற்கும் எட்ஸி போன்ற இணையதளத்தில் வாங்கினால் விற்பவரிடம் பிடிக்கும் விற்பனைக் கட்டணம் மட்டும் 6.5 விழுக்காடு, 2022-இல்தான் 5-லிருந்து ஏற்றினார்கள். விற்பவருக்கே சொந்தத் தளம் இருந்தால் அங்கே போங்கள். பட்டியலில் அடித்த பெயர்களில் சிலருக்குப் பண்டிகை முடிந்து வியாபாரம் படுத்திருக்கும் மாதத்தில் ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம், அதை யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

பரிசு அட்டை: சிறு வியாபாரிக்கு அது வட்டியில்லாக் கடன் மாதிரி, நல்லதுதான். ஆனால் கடையை மூடிவிட்டால் பணம் வரவேண்டியவர்கள் வரிசையில் அட்டை வைத்திருப்பவர் பெரும்பாலும் கடைசியில்தான் நிற்பார். சின்னத் தொகையாக, உடனே போய் வாங்கக்கூடிய ஆளுக்குக் கொடுங்கள். பீரோவில் வைத்துக்கொள்கிற ஆளுக்கு வேண்டாம். அங்கே ஏற்கெனவே ஆறு பெட்டி இருக்கிறது. இந்த ஆண்டுப் பட்டியலை அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.