போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) வழக்குச் செய்தியில் சிறுமியின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்; பள்ளி, தெரு, கைதான சித்தப்பாவின் பெயர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இது போதுமா?

போதாது. நீங்கள் விட்டுவைத்திருக்கும் பள்ளிப் பெயரையும் தெருவையும் எடுத்துவிடுங்கள். போக்சோ சட்டம் 2012, பிரிவு 23: பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எதுவும் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம், இரண்டும் சேர்ந்தும் விழலாம். பதிப்பாளரும் மாட்டுவார்.

போலீஸ் குறிப்பை அப்படியே தட்டியிருப்பீர்கள் என நினைக்கிறேன். அதில் இருக்கிறது என்பதற்காக அச்சிட முடியாது. பெரிய ஓட்டை வேறு: கைதானவரின் பெயரைப் போட்டு ‘சிறுமியின் சித்தப்பா’ என்றும் எழுதிவிட்டு, கீழே ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்றால் யாருக்குப் பயன்? உறவினர் என்றால் அவர் பெயரையே தவிருங்கள்.

அப்புறம், அந்த ஊர்க்காரராக நினைத்துக்கொண்டு ஒருமுறை படியுங்கள். யாரென்று பிடிபட்டால் இன்னும் வெட்டுங்கள்.

பெற்றோர் ‘போடுங்க’ என்றாலும் செல்லாது. குழந்தையின் நலன் கருதிச் சிறப்பு நீதிமன்றம் எழுத்தில் அனுமதித்தால்தான்.