தண்ணீர் எங்கே காக்கும், எங்கே கெடுக்கும்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்கள் குளியலறை ஆசிட், மண்ணெண்ணெய், எண்ணெய்த் தீ, டேங்கர் லாரி என்று வெவ்வேறு விபத்துகளைப் பற்றியவை. ஆனாலும் ஏறக்குறைய எல்லாரும் ஏதோ ஓரிடத்தில் ‘உடனே தண்ணீர் ஊற்றலாமா?’ என்று கேட்டிருக்கிறார்கள். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இருந்த காலத்தில் புதிய மாணவர்களிடம் முதல் நாளே நான் கேட்டுவந்த கேள்வியும் அதுதான் என்பதால், அதையே பிடித்துக்கொண்டு பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

குளியலறைத் தரையில் படிந்த உப்புக் கறையைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்த்தேன். கறை போகாததால் அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்பி, மூச்சுவிட முடியாமல் வெளியே ஓடி வந்துவிட்டேன். மாமியார் பால் கொடுத்தார். இரவெல்லாம் இருமல் நிற்கவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்?
– ஒரு வாசகி, ஈரோடு

வெளியே ஓடி வந்தீர்களே, அதைவிடச் சரியான காரியம் வேறில்லை. குளியலறைக்கென்று கடைகளில் விற்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்த கணத்திலேயே குளோரின் வாயு வெளிப்படும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே, எதிரணியின் பதுங்குகுழிகளை நோக்கி ஜெர்மன் படை உருளை உருளையாகத் திறந்துவிட்டதும் இதே வாயுதான். காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது என்பதால் அன்று அது பள்ளங்களுக்குள் இறங்கித் தேங்கியது. உங்கள் குளியலறையிலும் அது தரையோடு தரையாகத்தான் நிற்கும். குந்தி உட்கார்ந்து தரையைத் தேய்ப்பவரின் முகமும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

இப்படி நேர்ந்தால் கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியேற வேண்டும். வீட்டின் மற்ற சன்னல்களைத் திறந்து, குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் திறந்தவெளிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பலர் சறுக்கும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது: ‘ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிடுகிறேன்’ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மீண்டும் உள்ளே நுழைவார்கள். பிடித்த மூச்சு ஒரு வாளி நிரம்பும் வரை தாங்காது. நெடி முழுவதும் அடங்கிய பிறகு, தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். அது வரை அந்தத் தரை அப்படியே கிடக்கட்டும்.

பால் விஷயத்தில் உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன், எரிந்த தொண்டைக்கு அது இதமாக இருந்திருக்கும். ஆனால் பால் போவது இரைப்பைக்கு, வாயு போனதோ நுரையீரலுக்கு. அங்குள்ள ஈரத்தில் குளோரின் கரைந்து அமிலமாகித் திசுக்களை அரிக்கிறது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்துக்கூடத் தொடங்கலாம் என்பதால், ‘இப்போது பரவாயில்லை’ என்பதை நம்பி இருந்துவிடக் கூடாது. விடாத இருமல், நெஞ்சில் இறுக்கம், மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று இரவே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். இதைப் படிக்கும்போதும் இருமல் நீடித்தால் இன்றே போய், எந்த இரண்டு பொருள்களைக் கலந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே அலமாரியில் வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய் போன்ற எரியும் பொருள்களின் பக்கத்திலும் பிளீச்சிங் பவுடர் இருக்கக் கூடாது.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் அடர் கந்தக அமிலம் ஒரு மாணவனின் கன்னத்திலும் கண் ஓரத்திலும் தெறித்தது. நான் குழாயடிக்கு இழுத்துச் செல்ல, சக ஆசிரியர் ஒருவர் ‘தண்ணீர் பட்டால் கொதிக்கும், சோடா உப்புக் கரைசல் போடுங்கள்’ என்று தடுத்தார். யார் செய்தது சரி?
– ஆய்வக உதவியாளர், திருநெல்வேலி மாவட்டம்

நீங்கள் செய்ததுதான் சரி. உங்கள் சக ஆசிரியர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு: அடர் கந்தக அமிலத்தில் சிறிது தண்ணீர் பட்டால் கடுமையாகச் சூடேறும். அதனால்தான் அமிலத்தைத் தண்ணீருக்குள் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்துக்குள் ஊற்றக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் குழாயிலிருந்து இடைவிடாமல் ஓடும் நீர் அமிலத்தையும் அது கிளப்பும் சூட்டையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போய்விடும். சோடா உப்பைத் தேடிக் கரைக்கும் நேரத்தில் தோல் வெந்துகொண்டிருக்கும். அமிலமும் காரமும் சேரும்போது பிறக்கும் சூடு வேறு அதோடு கூடும்.

கண்ணைக் கழுவும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பதற்றத்தில் எல்லாரும் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பாதிக்கப்பட்ட கண் கீழே வருமாறு தலையை அந்தப் பக்கமாகச் சாய்க்க வேண்டும். அப்போதுதான் கழுவிய நீர் நல்ல கண்ணுக்குள் போகாமல் மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாக வடியும். வலியில் இமைகள் இறுக மூடிக்கொள்ளும் என்பதால், இன்னொருவர் தம் விரல்களால் மேலிமையையும் கீழிமையையும் விலக்கிப் பிடித்துக்கொண்டு, குழாயை மெல்லிய ஓட்டத்தில் வைக்க வேண்டும். விழியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் உருட்டச் சொல்லுங்கள். குறைந்தது இருபது நிமிடம், கடிகாரத்தைப் பார்த்தே செய்யுங்கள். அந்த வேளையில் ஐந்து நிமிடமே அரை மணி நேரம் போலத் தோன்றும். அமிலம் ஊறிய சட்டையைத் தலை வழியாக உருவாமல் கத்தரியால் வெட்டி எடுங்கள். கழுவி முடித்த பிறகுதான் மருத்துவமனை. வழியிலும் தண்ணீர் விட்டுக்கொண்டே போக முடிந்தால் இன்னும் நல்லது.

வீடுகளில் நேரும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை அழுத்தி, அது பீய்ச்சிக்கொண்டு கண்ணில் விழுந்துவிடும். சுண்ணாம்பு காரப்பொருள், காரம் அமிலத்தைவிட ஆழமாகக் கண்ணைத் துளைக்கும். கொஞ்சமும் தாமதிக்காமல் மேலே சொன்ன அதே முறையில் கழுவ வேண்டும். வெள்ளையடிக்க வைத்திருக்கும் நீற்றாத சுண்ணாம்புத் தூள் உடம்பின் மேல் கொட்டிவிட்டால் மட்டும், முதலில் உலர்ந்த துணியாலோ தூரிகையாலோ தூளை நன்றாகத் தட்டிவிட்டு, பிறகு தண்ணீருக்குப் போகலாம்.

தரையில் சிந்திய அமிலத்துக்கு உங்கள் சக ஆசிரியரின் சோடா உப்பு பயன்படும். சிந்திய இடத்தின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் தூவிக்கொண்டே வந்து, நுரை அடங்கிய பிறகு துடைத்தெடுக்கலாம். உலர்ந்த மணலும் உதவும். மரத்தூள் மட்டும் வேண்டாம்: அடர் நைட்ரிக் அமிலத்தின் மேல் மரத்தூளைக் கொட்டினால் பழுப்புப் புகை கிளம்பித் தீயே பற்றிக்கொள்ளலாம்.

குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த மண்ணெண்ணெயை மூன்று வயதுப் பேரன் ஒரு வாய் குடித்துவிட்டான். அக்கம்பக்கத்தினர் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொன்னார்கள். செவிலியராக இருக்கும் என் மகள் கூடவே கூடாது என்றாள். ஏன்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

உங்கள் மகளுக்கு நன்றி சொல்லுங்கள். மண்ணெண்ணெய் வயிற்றில் செய்யும் கெடுதலைவிட நுரையீரலில் செய்யும் கெடுதல் மிகப் பெரிது. வாந்தியாக மேலே வரும்போது அதில் சில சொட்டுகள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலே நுரையீரல் அழற்சி உண்டாகும். ஆசிட்டைக் குடித்தவருக்கும் இதே விதிதான், ஏனென்றால் இறங்கும்போது ஒருமுறை சுட்ட உணவுக்குழாயை ஏறும்போது மறுபடியும் சுடும். உப்புத் தண்ணீரோ சிறு குழந்தையின் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றிவிடும், அது தனி ஆபத்து. எதையும் புகட்டாமல் 108ஐ அழைத்து, அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் கேட்கலாம்.

பூச்சிமருந்து என்றால் டப்பாவின் மேலுள்ள சீட்டும் அவசியம். அதில் சாய்சதுர வடிவக் குறியின் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை படிப்படியாகக் குறையும். இவற்றில் பல தோல் வழியாகவே உடம்பில் ஏறும். தெளித்துக்கொண்டிருந்தவருக்கு எச்சில் ஊறி, வியர்த்துக் கொட்டி, கண்மணி குண்டூசித் தலை போலச் சுருங்கினால், நிழலில் உட்காரவைத்து மோர் கொடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. நனைந்த உடையைக் களைந்து, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவிக்கொண்டே வண்டிக்குச் சொல்ல வேண்டும்; கழுவுபவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

வடை சுடும்போது எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால்?
– ஒரு வாசகி, மதுரை

அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியை முழுதாக மூடும் தட்டு ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள். ஆறும்வரை திறந்து பார்க்காதீர்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடவும் வேண்டாம். தண்ணீர் ஊற்றினால் அது எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் போய், அங்குள்ள சூட்டில் நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை அப்படியே கூரைவரை வாரியடிக்கும். தீ இல்லாமல் கேஸ் நாற்றம் மட்டும் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, எந்த மின்விளக்குச் சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்து 1906ஐ அழையுங்கள்.

நெடுஞ்சாலையில் ஒரு டேங்கர் லாரியின் பின்னால் ‘2YE, 1075’ என்று எழுதிய பலகையைப் பார்த்தேன். இதற்கு என்ன பொருள்? இத்தகைய லாரி கவிழ்ந்தால் நாம் என்ன செய்வது?
– ஒரு வாசகர், சேலம்

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 1075 என்பது ஐக்கிய நாடுகள் அவையின் பட்டியலில் சமையல் எரிவாயுவுக்கு உரிய எண். பெட்ரோலுக்கு 1203, குளோரினுக்கு 1017, அமோனியாவுக்கு 1005, கந்தக அமிலத்துக்கு 1830. மேலே உள்ள குறியீட்டின் முதல் இலக்கம் தீயணைப்பு வீரருக்குச் சொல்வது, நாம் பேசிக்கொண்டிருக்கும் தண்ணீரைப் பற்றித்தான். 1 என்றால் பருந்துளிகளாகவும் 2 என்றால் நுண்துளிகளாகவும் தண்ணீரைத் தெளிக்கலாம். 3 என்றால் நுரை. 4 என்றால் உலர்பொடி மட்டும், தண்ணீர் படவே கூடாது. சோடியம் உலோகம் ஏற்றிய வண்டியில் அந்த 4ஐப் பார்க்கலாம். கடைசியில் வரும் E, சுற்றுப்புற மக்களை வெளியேற்ற வேண்டியிருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கை.

2025 சனவரி 3 அதிகாலையில் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் எரிவாயு டேங்கர் ஒன்று கவிழ்ந்து கசிந்தபோது, வீரர்கள் விடாமல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தது இந்த 2இன்படிதான்: நுண்துளிகள் வாயுவைக் கலைத்துவிடும், தொட்டியையும் குளிர்விக்கும். போக்குவரத்து நிறுத்தப்பட்டது, அருகிலிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. உயிரிழப்பு இல்லாமல் தொட்டியை நிமிர்த்தி எடுத்தார்கள். இதற்கு நேர்மாறானது பாகிஸ்தானின் அகமதுபூர் கிழக்கு நகருக்கு அருகே 2017 ஜூன் 25 அன்று நடந்தது. கவிழ்ந்த லாரியிலிருந்து வழிந்த பெட்ரோலைக் குடங்களில் பிடிக்க ஊரே திரண்டு நின்ற வேளையில் தீப்பிடித்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து லாரியை நோக்கி வீசும் திசையில், கூடுமானவரை தொலைவில் நிற்பது. அங்கிருந்தே அலைபேசிக் கேமராவைப் பெரிதாக்கி எண்ணைப் படித்து, 101 அல்லது 112ஐ அழைத்து, இடம், எண், கசிவு உண்டா, ஓட்டுநர் உள்ளே இருக்கிறாரா என்பவற்றைச் சொல்லுங்கள். வாயு உங்கள் வண்டியைச் சூழ்ந்துவிட்டதாகத் தோன்றினால் அதைக் கிளப்ப முயலாமல் விட்டுவிட்டு நடந்தே விலகுங்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது. சாலையோரப் பள்ளத்திலும் சாக்கடையிலும் ஓடித் தேங்கும் என்பதால் மேட்டுப் பக்கமாகப் போக வேண்டும்.

அமோனியா என்றால் ஈரத் துணிக்கு நிஜமான பயன் உண்டு, ஏனென்றால் தன் கொள்ளளவைப் போல் பல நூறு மடங்கு அமோனியாவைத் தண்ணீர் கரைத்துக்கொள்ளும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மூச்சுத்திணறலோடு பலர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அப்படி நேரும்போது நனைத்த துண்டால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, காற்று வீசும் திசையோடு ஓடாமல், அதற்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். காற்றோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும். அந்தத் துண்டு வெளியேறுவதற்கு மட்டும் போதும். உள்ளே சிக்கியவரை மீட்கப் போகிறவருக்கு அது போதாது. தீயணைப்பு வீரர்கள் முதுகில் காற்று உருளையைச் சுமந்துகொண்டு நுழைவது அதனால்தான்.