லேயர் 2 நெட்வொர்க்குகள்: வேகத்தை ஒப்பிடும் முன் வெளியேறும் வழியைப் பாருங்கள்

“ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், ஸ்டார்க்நெட் போன்ற லேயர் 2 நெட்வொர்க்குகளில் வேகத்திலும் பரவலாக்கத்திலும் எது சிறந்தது?” என்று கேட்டிருக்கிறீர்கள். எதீரியம் என்னும் பிளாக்செயினின் பாரத்தைக் குறைக்க அதன் மேல் கட்டப்பட்டவை இவை. அவற்றை இயக்கும் நிறுவனம் நாளை ஒத்துழைக்காவிட்டாலும் நம் பணத்தை நாமே எதீரியத்துக்கு எடுத்து வர முடியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

வேகத்தைப் பொறுத்தவரை, ரோலப்புகள் எனப்படும் இந்த நெட்வொர்க்குகளுக்கு இடையிலான வேறுபாடு விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல. எதீரியத்தில் 12 நொடிக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) உருவாகிறது. அதிலுள்ள ஒவ்வொரு பரிவர்த்தனையையும் எல்லாக் கணினிகளும் சரிபார்க்க வேண்டும். ரோலப்புகள் அந்தக் கணக்கீட்டைத் தனியே முடித்து, சுருக்கிய தரவை மட்டும் எதீரியத்தில் பதிகின்றன. 2024 மார்ச்சில் வந்த டென்குன் மேம்படுத்தல், இதற்கென 128 கேபி அளவுள்ள ‘பிளாப்’ என்னும் தற்காலிக இடத்தைத் தந்தது. ஏறத்தாழ 18 நாட்களுக்குப் பின் அத்தரவை வைத்திருக்க வேண்டியதில்லை என்பதால் அது மலிவு. சில ரூபாய்களாக இருந்த என் பரிமாற்றக் கட்டணம் அந்த மாதமே ஒரு ரூபாய்க்கும் கீழே இறங்கியதை வாலட்டில் பார்த்தேன். ஆனால் இந்த பிளாப் இடம் எல்லா ரோலப்புகளுக்கும் பொதுவானது. ஒரு பிளாக்குக்குச் சராசரி 3 என்றிருந்த இலக்கை 2025 மே மாதத்தில் 6 ஆக உயர்த்தியபோது அனைவருக்குமே கொள்ளளவு கூடியது.

உண்மையான வேறுபாடு பரவலாக்கத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலான ரோலப்புகளில் பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும் சீக்வென்சர் ஒன்றே ஒன்று. அதை இயக்குவதும் ஒரே அமைப்பு. 2023 டிசம்பர் 15 அன்று நெரிசலால் ஆர்பிட்ரம் சீக்வென்சர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தடைபட்டது. 2024 ஜூனில் லீனியா என்னும் ரோலப்பில் இயங்கிய வெலோகோர் பரிமாற்றத் தளத்தில் திருட்டு நடந்த பின், பணம் வெளியேறாதிருக்க லீனியா குழுவே பிளாக் உருவாக்கத்தை நிறுத்தியது. நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனாலும் ஒரு குழு நினைத்தால் நெட்வொர்க்கை நிறுத்த முடியும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

சீக்வென்சர் நம்மைப் புறக்கணித்தால், ஆர்பிட்ரமில் பரிவர்த்தனையை நேரடியாக எதீரியத்தில் பதிந்து 24 மணி நேரத்துக்குப் பின் கட்டாயமாகச் சேர்க்க முடியும். ஆப்டிமிசத்தில் அந்தக் காலம் 12 மணி நேரம். இவ்விரண்டும் ‘ஆப்டிமிஸ்டிக்’ ரோலப்புகள்: கணக்கு சரி என்றே முதலில் ஏற்று, தவறிருந்தால் முறையிட ஏறத்தாழ ஏழு நாள் தருபவை. ஆனால் அப்படி முறையிடும் வசதியோ தாமதமாகத்தான் வந்தது. யார் வேண்டுமானாலும் முறையிடலாம் என்ற நிலையை ஆப்டிமிசம் 2024 ஜூனில்தான் எட்டியது. ஆகஸ்டில் குறைகள் கண்டறியப்பட்டதால் அதைச் சிறிது காலம் திரும்பப் பெறவும் நேர்ந்தது. ஆர்பிட்ரம் 2025 பிப்ரவரியில் ‘போல்ட்’ என்னும் முறையிடும் அமைப்பு மூலம் அந்தக் கதவைத் திறந்தது. ஆனால் அங்கும் பாதுகாப்புக் குழுவின் 12 பேரில் 9 பேர் ஒப்பினால், அவசரம் என்று கருதி நெட்வொர்க்கின் ஸ்மார்ட் ஒப்பந்தத்தையே (எதீரியத்தில் உள்ள நிரலையே) உடனே மாற்றிவிட முடியும்.

ஸ்டார்க்நெட் போன்ற ஜீரோ நாலெட்ஜ் ரோலப்புகளில் கணித நிரூபணம் இருப்பதால் ஏழு நாள் காத்திருப்பு தேவையில்லை. இது பெரிய அனுகூலம். ஆனால் கணக்கு சரி என்பதை மட்டுமே நிரூபணம் உறுதி செய்கிறது. உங்கள் பரிவர்த்தனை சேர்க்கப்படும் என்பதை அது உறுதி செய்வதில்லை.

இந்த வேறுபாட்டை அனுபவத்தில் அறிய, ஓர் ஆப்டிமிஸ்டிக் ரோலப்பிலிருந்து சிறு தொகையை இடைத்தரகர் பிரிட்ஜ் (நெட்வொர்க்குகளுக்கிடையே பணம் மாற்றும் சேவை) எதையும் நாடாமல் அதிகாரபூர்வ பிரிட்ஜ் வழியாகவே எடுத்தேன். ரோலப்பில் ஒரு பரிவர்த்தனை, பிறகு எதீரியத்தில் நிரூபிக்க ஒன்று, ஏழு நாள் கழித்துப் பணத்தைப் பெற இன்னொன்று. எதீரியக் கட்டணமே தொகையில் கணிசமான பங்கை விழுங்கியது. ஆயினும் யாருடைய அனுமதியும் கேட்காமல் அப்பணம் என் முகவரிக்கு வந்தது. அன்றாடச் சிறு செலவுக்கு மலிவான எந்த ரோலப்பையும் பயன்படுத்துகிறேன். பெருந்தொகை என்றால், ரோலப்புகள் எவ்வளவு பரவலாக்கப்பட்டவை என்பதை ‘ஸ்டேஜ்’ 0 முதல் 2 வரை தரப்படுத்தும் எல்டூபீட் தளத்தில் அந்த நெட்வொர்க் ‘ஸ்டேஜ் 1’ நிலையையாவது எட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்புகிறேன்.